பனிமய அன்னையின் உரோமைப் பேராலயம்: மொசைக் மரபின் பாணிகளும் அளவுகோல்களும்

உரோமை நகரின் பழைய ஆலயங்களில் 4ஆம் நூற்றாண்டு முதல் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை தலைமை இடம் வகித்த கலை மொசைக் ஆகும். ஈரம் உலராத சுண்ணச்சாந்தின்மேல், நிறக் கண்ணாடியையும் கல்லையும் விரல்நகத்தளவிலும் அதனினும் சிறிதாகவும் வெட்டியெடுத்த சில்லுகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பதித்து உருவம் சமைக்கும் இக்கலை, கிரேக்கரிடத்திலும் பழைய உரோமையரிடத்திலும் பெரும்பாலும் தரையை அணிசெய்யவே பயன்பட்டது. கிறித்தவர்கள் அதைத் தரையிலிருந்து சுவருக்கும், சுவரிலிருந்து வளைவுக்கும் குவிமாடத்துக்கும் பெருமளவில் ஏற்றி, பலிபீடத்தின் பின்னணியாகவும் வழிபடுவோரின் பார்வை சென்று நிலைக்கும் இடமாகவும் ஆக்கினர். அம்மரபில் தோன்றிய பாணிகளை ஒப்பிட்டுக் காண விரும்புவோர்க்கு, எஸ்குவிலின் குன்றின்மேல் நிற்கும் சாந்தா மரியா மஜ்ஜோரே, அதாவது பெரிய மரியன்னைப் பேராலயம், வேறெந்த ஆலயமும் தராத வாய்ப்பைத் தருகிறது. 5ஆம் நூற்றாண்டின் வேலையும் 13ஆம் நூற்றாண்டின் வேலையும் அங்கே ஒரே கூரையின்கீழ், ஒரே பார்வைக்குள் அடங்கும்படி நிற்கின்றன. பின்னது முன்னதை அழிக்காமல் அதனோடு உரையாடுகிறது.

உரோமையின் நான்கு தலைமைப் பேராலயங்களுள் ஒன்றாகிய இதன் தோற்றத்தைப் பற்றிய மரபுச் செய்தி தமிழ்க் கத்தோலிக்கருக்கு நன்கு அறிமுகமானது. திருத்தந்தை லிபேரியுசின் காலத்தில், ஆகஸ்டு மாதத்துக் கோடையின் ஓர் இரவில் எஸ்குவிலின் குன்றில் பனி பெய்தது என்றும், யோவான் என்னும் செல்வருக்கும் திருத்தந்தைக்கும் அதே இரவில் கனவில் தோன்றிய அன்னை, பனி படிந்த இடத்தில் தமக்கு ஓர் ஆலயம் எழுப்பும்படி கேட்டார் என்றும் அச்செய்தி கூறுகிறது. இது எழுத்தில் இடம்பெறுவது நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியே என்பதையும், இன்று நிற்கும் கட்டடம் 432 முதல் 440 வரை ஆட்சி செய்த திருத்தந்தை மூன்றாம் சிக்ஸ்துஸ் எழுப்பியது என்பதையும் வரலாற்றாய்வாளர் எடுத்துக்காட்டுவர். ஆயினும் பனிமய மாதா என்னும் பெயரும் ஆகஸ்டு 5ஆம் நாள் திருவிழாவும் அந்த மரபிலிருந்தே கிளைத்தவை. பனி என்பதையே காணாத முத்துக்குளித்துறைக் கடற்கரையில், தூத்துக்குடியில், அதே பெயரோடும் அதே நாளில் விழாவோடும் விளங்கும் ஆலயம் 1982ஆம் ஆண்டு பேராலயமாக உயர்த்தப்பட்டது. ஆகவே இக்கட்டுரையில் பேசப்படும் மொசைக் சித்திரங்கள் தமிழ்நாட்டுக் கத்தோலிக்கருக்கு முற்றிலும் அயலானவை அல்ல. அவர்கள் ஆண்டுதோறும் கொண்டாடும் ஒரு திருநாளின் தாய்வீட்டில் உள்ளவை.

பாணிகளைப் பற்றிப் பேசுமுன் இக்கலையின் இயல்பைச் சற்று விரிவாகவே விளக்க வேண்டியுள்ளது. ஏனெனில் மொசைக்கை ஓவியத்தின் அளவுகோலால் அளப்பதே அதைப் பற்றிய பெரும்பாலான பிழையான தீர்ப்புகளுக்குக் காரணமாக இருக்கிறது. ஓவியத்தில் நிறம் சுவரின்மேல் படிந்து கிடக்கிறது. மொசைக்கிலோ ஒளி கண்ணாடிச் சில்லுக்குள் புகுந்து, அதன் உள்ளிருந்து திரும்பிப் பார்ப்பவரை நோக்கி வருகிறது. பொற்சில்லு செய்யும் முறையும் இந்த நோக்கத்துக்கே ஏற்றதாக அமைந்தது: ஊசிமுனைக் கனமும் இல்லாத தங்கத் தகட்டை ஒரு கண்ணாடிப் பாளத்தின்மேல் விரித்து, அதன்மேல் மிக மெல்லிய மற்றொரு கண்ணாடிப் படலத்தை உருக்கி ஒட்டி, பின்பு சில்லுகளாக உடைப்பர், தங்கம் இரண்டு கண்ணாடிகளுக்கிடையே காப்புற்று, நூற்றாண்டுகள் கடந்தும் மங்காதிருக்கும். தேர்ந்த கைவினைஞர் இச்சில்லுகளை ஒரே மட்டத்தில் பதிப்பதில்லை. ஒன்றைச் சற்றே முன்னால் சாய்த்தும், அடுத்ததைப் பக்கவாட்டில் திருப்பியும் பதிப்பதனால், பார்ப்பவர் ஓர் அடி நகர்ந்தாலும், பீடத்து மெழுகுதிரியின் சுடர் அசைந்தாலும், மேலே உள்ள பொன்வெளி முழுவதும் இடம்மாறி மின்னுகிறது. எனவே ஒரு மொசைக் சித்திரத்தின் தரத்தைத் தீர்மானிப்பவை உருவத்தின் உடற்கூற்றுத் துல்லியமோ சாயல்களின் நுணுக்கமோ அல்ல. அது ஒளியை எவ்வாறு ஏற்கிறது, கீழிருந்து காண்பவரின் தொலைவுக்கு எவ்வாறு பொருந்துகிறது, தான் அமைந்த இடத்தில் நிகழும் வழிபாட்டுக்கு எவ்வாறு துணைநிற்கிறது என்பவையே.

திருச்சபை தன் பங்குக்கு வகுத்த அளவுகோல்கள் பாணியைப் பற்றியவை அல்ல என்பதும் இங்கே நினைவுகூரத் தக்கது. உருவங்களை உடைத்தெறிந்த மார்செய் நகர ஆயர் செரேனுசுக்கு ஏறத்தாழ 600ஆம் ஆண்டில் எழுதிய திருத்தந்தை பெரிய கிரகோரியார், எழுத்தறியாதவர் நூலில் படிக்க இயலாததைச் சுவரில் படிக்கவே உருவங்கள் உள்ளன என்று அவற்றுக்குக் கல்விப் பயனைக் காட்டினார். 787ஆம் ஆண்டின் இரண்டாம் நிசேயா சங்கம், உருவத்துக்குச் செலுத்தும் வணக்கம் அவ்வுருவம் குறிக்கும் ஆளையே சென்றடைகிறது என்று வரையறுத்தது. 1563இல் திரெந்து சங்கம், தவறான போதனைக்கும் மூடநம்பிக்கைக்கும் இடந்தரும் உருவங்களை ஆலயத்தில் வைக்கலாகாது எனத் தடுத்ததோடு, வழக்கத்துக்கு மாறான உருவங்களுக்கு ஆயரின் ஒப்புதலையும் வேண்டியது. அதற்கு நான்கு நூற்றாண்டுகள் கழித்து, 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய தன் கொள்கை விளக்கத்தில், திருச்சபை எந்தவொரு கலைப்பாணியையும் தனக்கே உரியதென்று கொண்டதில்லை என்று வெளிப்படையாகவே அறிவித்தது. பெரிய மரியன்னைப் பேராலயத்தின் சுவர்கள் இந்த அறிவிப்புக்கு நல்ல சான்றாகும். அங்கே ஒரு பாணி மற்றொன்றை மறுப்பதுமில்லை, ஒன்றுக்காக மற்றொன்று மன்னிப்புக் கேட்பதுமில்லை.

பேராலயத்தின் நடுக்கூடத்தை இருபுறமும் தாங்கி நிற்கும் தூண்கள் 40. அவற்றுள் 36 பளிங்காலும் 4 கருங்கல்லாலும் ஆனவை. இத்தூண் வரிசைகளுக்கு மேலே, சாளரங்களுக்குக் கீழே, சுவரின் நீளம் முழுவதும் பழைய ஏற்பாட்டுக் காட்சிகள் சிறு சிறு கட்டங்களாகப் பதிக்கப்பட்டன. தொடக்கத்தில் 42ஆக இருந்த கட்டங்களுள் இன்று எஞ்சியவை 27. 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பக்கச் சிற்றாலயங்களுக்குப் பெரிய வாயில்கள் திறக்கப்பட்டபோது சில கட்டங்கள் சுவரோடு சேர்ந்து இடிபட்டன. பீடத்தை நோக்கி நிற்பவரின் இடப்புறத்தில் ஆபிரகாம், யாக்கோபு ஆகியோரின் வரலாறும், வலப்புறத்தில் மோசே, யோசுவா ஆகியோரின் வரலாறும் அமைந்துள்ளன. ஒருபுறம் குலமுதல்வர்கள் பெற்ற வாக்குறுதி, மறுபுறம் அவ்வாக்குறுதி ஒரு மக்களினத்தின் விடுதலைப் பயணமாக நிறைவேறிய கதை. நடுவே நடந்து பீடத்தை அணுகும் கிறித்தவர் இவ்விரண்டின் வழித்தோன்றலாகத் தம்மை உணரும்படி இவ்வமைப்பு திட்டமிடப்பட்டது.

இக்கட்டங்கள் பிற்காலச் செவ்வியல் உரோமைப் பாணியைச் சேர்ந்தவை. அதாவது, பேரரசு கிறித்தவத்தைத் தழுவிய பின்னரும் பழைய கிரேக்க-உரோமைய ஓவியரின் கைப்பழக்கத்தை விடாத பாணி. வத்திக்கான் நூலகத்தில் உள்ளதும், ஏறத்தாழ 400ஆம் ஆண்டில் எழுதப்பட்டதுமான வெர்ஜிலின் படமுள்ள கையெழுத்துப் பிரதியோடு இவற்றை அறிஞர் ஒப்பிடுவது வழக்கம். மாந்தர் நெட்டையாகவோ விறைப்பாகவோ இல்லை. திரும்பிப் பேசுகின்றனர், கைநீட்டுகின்றனர், நிழல் விழத் தரையில் நிற்கின்றனர். அருகிலிருந்து எடுத்த நிழற்படங்களில் முகத்தைக் காண்பவர், கன்னத்தில் செந்நிறச் சில்லுகளும், மூக்கின் ஓரத்தில் பச்சையும், நெற்றியில் வெண்மையும் ஒன்றோடொன்று கலவாமல் அடுத்தடுத்துக் கிடப்பதைக் கண்டு வியப்பர். கீழிருந்து காணும்போதோ அவை கண்ணுக்குள் கலந்து உயிருள்ள தசையாகின்றன. தொலைவை நம்பிச் செய்யப்பட்ட வேலை இது.

ஆபிரகாம் மூன்று விருந்தினரை வரவேற்கும் கட்டம் இப்பாணியின் சிறப்புகளை எல்லாம் கொண்டது. மேற்பகுதியில் மூவரும் வந்து நிற்க ஆபிரகாம் தலைதாழ்த்துகிறார். மூவருள் நடுவே நிற்பவரை மட்டும் உடல் முழுவதையும் சூழும் ஒளிவட்டம் பிரித்துக் காட்டுகிறது. கீழ்ப்பகுதியில் ஆபிரகாம் இருமுறை தோன்றுகிறார்: ஒருபுறம் அப்பம் சுடும்படி சாராவிடம் சொல்பவராகவும், மறுபுறம் மேசையில் அமர்ந்த விருந்தினருக்கு உணவு படைப்பவராகவும். ஒரே ஆளை ஒரே சட்டத்துக்குள் மீண்டும் மீண்டும் காட்டிக் கதையை ஓடவிடும் இந்த உத்தி, வாசிப்பவரின் கண்ணை மேலிருந்து கீழாகவும் இடமிருந்து வலமாகவும் நடத்திச் செல்கிறது. மேசையின்மேல் இருக்கும் மூன்று அப்பங்களும், சற்றுத் தொலைவில் பீடத்தில் ஒப்புக்கொடுக்கப்படும் அப்பமும் தொடர்பற்றவை என்று அக்காலத்து வழிபாட்டாளர் எவரும் எண்ணியிருக்கமாட்டார். பீடத்துக்கு மிக அருகில் அமைந்த கட்டத்தில், குருவும் அரசருமான மெல்கிசெதேக்கு கூடை நிறைய அப்பத்தோடு ஆபிரகாமை எதிர்கொள்ள, தரையில் இரசக் குடம் நிற்க, வானத்திலிருந்து ஆண்டவர் கைநீட்டிப் பார்க்கிறார். திருப்பலிச் செபத்தில் ஆபிரகாமின் பலியும் மெல்கிசெதேக்கின் காணிக்கையும் பெயர் சொல்லி நினைவுகூரப்படும்போது, குருவின் கண்ணுக்கு எட்டும் தொலைவிலேயே அவர்கள் நிற்கின்றனர். சித்திரம் இருக்கும் இடமும் சித்திரத்தின் பொருளும் இவ்வளவு இறுகப் பிணைந்திருப்பது, பிற்கால ஆலயங்களில் மிக அரிதாகவே காணக்கிடைக்கிறது.

ஆபிரகாமும் லோத்துவும் பிரியும் கட்டமும் தனியே குறிப்பிடத்தக்கது. நடுவில் ஒரு வெற்றிடம்; இருபுறமும் இரு கூட்டங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே எதிர்த்திசைகளில் விலகுகின்றன. கூட்டத்தைக் காட்ட முன்வரிசையினரை மட்டும் முழுதாகக் காட்டி, பின்னால் தலைகளின் உச்சிகளை மட்டும் அடுக்குவது இக்கலைஞரின் வழக்கம். அக்காட்சி நிகழும்போது இன்னும் பிறவாத ஈசாக்கை ஆபிரகாமின் பக்கத்தில் சிறுவனாக நிறுத்தியிருப்பது காலவழு போலத் தோன்றினாலும், வாக்குறுதி எந்தப் பக்கம் செல்கிறது என்பதைச் சொல்லாமற் சொல்லும் இறையியல் தீர்மானமாகும். எதிர்ப்புறச் சுவரில் எகிப்தியப் படை கடலில் அமிழ்வதும், எரிகோ நகரின் மதில் வீழ்வதும் போர்க்காட்சிகளில் பழைய உரோமையச் சிற்பிகள் பெற்றிருந்த பழக்கத்தை அப்படியே காட்டுகின்றன.

நடுக்கூடத்தின் முடிவில், பலிபீடத்துக்கு மேலே எழும் பெருவளைவு வெற்றி வளைவு எனப்படும். போரில் வென்ற பேரரசர்களுக்கு எழுப்பப்பட்ட வளைவின் பெயர் ஆலயத்துக்குள் கிறிஸ்துவின் வெற்றிக்கு உரியதாயிற்று. இதன் உச்சியில், பேதுருவும் பவுலும் இருமருங்கும் நிற்க, வெறுமையான அரியணை ஒன்று உள்ளது. மீண்டும் வரவிருக்கும் ஆண்டவருக்கு ஆயத்தமாக வைக்கப்பட்ட அரியணை அது. அதன் கீழே ஆயர் சிக்ஸ்துஸ் இதை இறைமக்களுக்கு அளிப்பதாகச் சில இலத்தீன் சொற்களே கொண்ட கல்வெட்டு வாசகம் மொசைக்கிலேயே பதிந்துள்ளது. தம் பெயரை எழுதிய ஒரு திருத்தந்தை அதே மூச்சில் மக்களின் பெயரையும் எழுதியிருப்பது, அக்காலத் திருச்சபையில் கலை யாருக்குரியதாகக் கருதப்பட்டது என்பதற்கான எழுத்துச் சான்று.

வளைவின் இருபுறமும் உள்ள காட்சிகள் கிறிஸ்துவின் குழந்தைப் பருவத்தைச் சேர்ந்தவை. இங்கே பாணி மாறுகிறது. நடுக்கூடக் கட்டங்களின் மலையும் வயலும் பெரிதும் மறைந்து பொன்வெளி மிகுகிறது. கதை சொல்லும் அவசரம் குறைந்து அரசவையின் நிதானம் வருகிறது. வானதூதர் கபிரியேல் மேலே பறந்து வர, கன்னி மரியா பொன்னாடை அணிந்த அரசகுலப் பெண்ணாக, வெண்ணுடைத் தூதர்கள் சூழ அமர்ந்து, ஊதா நூல் நூற்றுக்கொண்டிருக்கிறார். கீழ்த்திசை ஞானிகள் வணங்கவரும் காட்சியில், குழந்தை தாயின் மடியில் இல்லை; மணிகள் பதித்த அகன்ற அரியணையில் தனியே வீற்றிருக்க, பின்னால் தூதர்கள் காவலர்போல் நிற்கின்றனர். இருமருங்கும் உள்ள இரு பெண்களுள் பொன்னாடை அணிந்தவர் மரியா என்பது பொதுவான கருத்து; கருநிற ஆடையில் அமர்ந்த மற்றவர் யாரைக் குறிக்கிறார் என்பதில் அறிஞரிடையே இன்றுவரை ஒருமித்த கருத்து இல்லை. குழந்தைகளைக் கொல்ல ஆணையிடும் ஏரோதின் தலையைச் சுற்றியும் ஒளிவட்டம் இருப்பதைக் கண்டு திகைப்போர் உண்டு. அக்காலத்தில் அவ்வட்டம் புனிதத்தை மட்டுமன்றி ஆட்சிப் பதவியையும் குறித்தது என்பதை அறிந்தால், ஏரோதும் குழந்தை இயேசுவும் ஒரே வளைவில் இரு அரசர்களாக எதிர்நிறுத்தப்பட்டிருப்பது விளங்கும்.

இவ்வளவு அரசத்தன்மை எங்கிருந்து வந்தது என்னும் வினாவுக்கு, 431ஆம் ஆண்டின் எபேசு சங்கத்தைச் சுட்டுவது மரபு. மரியாவை இறைவனின் தாய் என்று அழைப்பது தகும் என்று, நெஸ்தோரியசின் கருத்துக்கு எதிராக அச்சங்கம் உறுதி செய்தது. மறு ஆண்டில் பதவியேற்ற சிக்ஸ்துஸ் எழுப்பிய ஆலயம் அத்தீர்மானத்தின் கற்சாசனம் என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. வளைவின் ஒவ்வொரு காட்சியையும் சங்கத்தின் விவாதங்களிலிருந்து நேரடியாக வருவிப்பது மிகையாகலாம். ஆயினும் பிறந்த குழந்தையை முழு இறைமாட்சியோடு காட்டுவதே இங்குள்ள கலைஞரின் முதன்மை நோக்கம் என்பதில் ஐயமில்லை. தாயின் சிறப்பு அம்மாட்சியிலிருந்தே பிறக்கிறது.

அடுத்த நூற்றாண்டில் இக்கலையின் மையம் இத்தாலியின் கிழக்குக் கரையிலுள்ள ராவென்னாவுக்கு மாறியது. 547இல் நேர்ந்தளிக்கப்பட்ட சான் வித்தாலே ஆலயத்தில் பேரரசர் யுஸ்தினியானும் பேரரசி தியோதோராவும் தம் பரிவாரத்தோடு நேர்முகமாக, நிழலின்றி, எடையற்றவராக நிற்கும் சித்திரங்கள் பைசாந்தியப் பாணியின், அதாவது கான்ஸ்தாந்திநோபிளைத் தலைநகராகக் கொண்ட கிழக்குப் பேரரசின் பாணியின், உரைகல்லாகக் கருதப்படுகின்றன. அங்கே உருவம் கதைக்குள் வாழ்வதில்லை. பார்ப்பவரின் முன் வந்து நிற்கிறது. உரோமையில் இதன் தாக்கமும் பழைய உரோமை மரபின் நினைவும் கலந்த வேலையைக் காண, பெரிய மரியன்னைப் பேராலயத்திலிருந்து சில நிமிட நடையில் உள்ள சாந்தா பிரஸ்ஸேதே ஆலயத்துக்குச் செல்ல வேண்டும். 817 முதல் 824 வரை ஆட்சி செய்த திருத்தந்தை முதலாம் பாஸ்கால் எழுப்பிய அந்த ஆலயத்தின் பிறை மாடம், இரு நூற்றாண்டுகளுக்கு மேல் மூத்த கோஸ்மாஸ்-தமியான் ஆலயத்தின் மாடத்தை முன்மாதிரியாகக் கொண்டது. அப்போது உயிரோடிருந்தவர் என்பதைக் காட்ட, பாஸ்காலின் தலைக்குப் பின்னால் ஒளிவட்டத்துக்குப் பதிலாகச் சதுரம் உள்ளது. அங்குள்ள புனித சேனோ சிற்றாலயத்தில் கூரையும் சுவரும் முழுவதும் பொன்னால் மூடப்பட்டிருப்பதால், உள்ளே நிற்பவர் ஒரு சித்திரத்தைக் காண்பவராக இல்லாமல் சித்திரத்துக்குள் நிற்பவராகிறார். உருவங்களின் வரைவு கரடுமுரடானது என்பதற்காக இதைத் தாழ்த்தி மதிப்பிட்ட பழைய நூலாசிரியர்கள், ஒளியை மறந்து கோட்டை மட்டும் பார்த்தவர்கள்.

பெரிய மரியன்னைப் பேராலயத்தின் இரண்டாம் பொற்காலம், பிரான்சிஸ்கு சபையிலிருந்து வந்த முதல் திருத்தந்தையாகிய நான்காம் நிக்கோலாசின் ஆட்சியில் (1288–1292) தொடங்கியது. அவர் பழைய பிறை மாடத்தை இடித்து, குறுக்குக் கூடத்தோடு புதிய மாடத்தைப் பின்னால் கட்டச் செய்தார். கர்தினால் ஜாக்கொமோ கொலோன்னா துணைநின்றார். யாக்கொப்போ தோர்ரித்தி என்னும் கலைஞர் 1295ஆம் ஆண்டளவில் முடித்துத் தம் பெயர் பொறித்த மாடச் சித்திரம், மரியன்னைக்கு முடிசூட்டும் காட்சியாகும். விண்மீன்கள் பதித்த நீலவட்டத்துக்குள் கிறிஸ்துவும் அன்னையும் ஒரே அரியணையில் வீற்றிருக்கின்றனர். மகன் தாயின் தலையில் முடியை வைக்கிறார். காலடியில் கதிரவனும் நிலவும். இருபுறமும் தூதர் கூட்டம். ஒருபுறம் பேதுருவும் பவுலும் அசிசி பிரான்சிசும், மறுபுறம் திருமுழுக்கு யோவானும் நற்செய்தியாளர் யோவானும் பதுவை அந்தோனியாரும் நிற்க, திருத்தந்தையும் கர்தினாலும் சிறிய உருவங்களாக முழந்தாளிட்டுள்ளனர். பிரான்சிஸ் புனிதராக அறிவிக்கப்பட்டது 1228இல், அந்தோனியார் 1232இல். திருத்தூதர்களின் வரிசையில் எழுபது ஆண்டுகளுக்குள் இவர்கள் இடம்பெற்றது ஒரு புதிய துறவு இயக்கத்தின் துணிவைக் காட்டுகிறது.

இச்சித்திரத்தில் மூன்று மரபுகள் கூடுகின்றன. முடிசூட்டு என்னும் பொருள் பிரான்சு நாட்டுப் பேராலய வாயில்களில் 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிற்பமாகத் தோன்றியது. கிறிஸ்துவும் மரியாவும் ஓர் அரியணையைப் பகிர்வதை உரோமையிலேயே, திராஸ்தேவெரேப் பகுதியின் மரியன்னை ஆலய மாடம் 1140களில் காட்டிவிட்டது. முகங்களின் மென்மையும் ஆடை மடிப்புகளின் ஒழுங்கும் பைசாந்தியக் கைத்திறம். இவற்றோடு, மாடம் முழுவதும் சுருண்டு படரும் கொடிகளும், அவற்றினிடையே அமர்ந்த மயில் முதலிய பறவைகளும், கீழ்விளிம்பில் ஓடும் ஆறும், அதில் படகோட்டும் சிறுவரும், நீர்க்குடம் சாய்த்த ஆற்றுத் தெய்வங்களும் சேர்ந்து, இடிபட்ட 5ஆம் நூற்றாண்டு மாடத்தின் நினைவையே மீட்டிருக்க வேண்டும் என்று பலர் கருதுகின்றனர். தோர்ரித்தியின் பெருமை, இத்தனை மூலங்களையும் ஒட்டுவேலையாகத் தோன்றாதபடி ஒரே பொன்வெளியில் இசைத்ததில் இருக்கிறது. சாளரங்களை ஒட்டிய கீழ்வரிசையில் அன்னையின் வாழ்க்கைக் காட்சிகள் உள்ளன; நடுவில், முடிசூட்டுக்கு நேர் கீழே, அவர் துயில்கொண்ட காட்சி. இறந்து கிடக்கும் தாயின் உயிரைச் சிறு குழந்தையாகத் தம் கையில் ஏந்தி நிற்கும் மகனையும், அதற்கு மேலே அதே தாய்க்கு முடிசூட்டும் மகனையும் ஒரே நேர்க்கோட்டில் காணும்போது, மாடத்தின் வடிவமே விண்ணேற்பு நம்பிக்கையின் விளக்கமாகிறது.

அதே ஆண்டுகளில் பியெத்ரோ கவல்லீனி, மேற்சொன்ன திராஸ்தேவெரே ஆலயத்தில் அன்னையின் வாழ்வை ஆறு காட்சிகளாகப் பதித்தார். உடலின் கனத்தையும் கட்டட இடவெளியின் ஆழத்தையும் ஜொத்தோவின் தலைமுறையினரைப்போல் உணர்ந்தவர் அவர். அவருடைய காட்சிகளையும் தோர்ரித்தியின் காட்சிகளையும் ஒப்பிடும் வரலாற்றாசிரியர் பெரும்பாலும் கவல்லீனிக்கே முதலிடம் தருவர். ஓவிய வரலாற்றின் போக்கை முன்னறிந்தவர் என்ற வகையில் அது நியாயமே. ஆனால் மாடத்தை நிரப்பும் கலை என்ற வகையில், ஒளியையும் தொலைவையும் கணக்கிட்ட திறத்தில், தோர்ரித்தியே மேலானவர் என்று கூறத் தயங்க வேண்டியதில்லை.

பேராலயத்தின் ஏனைய செல்வங்களுள் சிலவற்றை இங்கே சுருக்கமாகவே சுட்ட இயலும். பளிங்குத் துண்டுகளால் வட்டங்களும் சுருள்களுமாக அமைந்த 12ஆம் நூற்றாண்டுத் தரை, கொஸ்மாத்திக் குடும்பத்தினரின் பெயரால் அழைக்கப்படும் உரோமைப் பாணியைச் சேர்ந்தது. அர்னோல்ஃபோ தி காம்பியோ ஏறத்தாழ 1291இல் செதுக்கிய பிறப்புக் காட்சிச் சிலைகள், கிறிஸ்துமஸ் குடிலின் மிகப் பழைய சிற்ப வடிவங்களுள் சேர்ந்தவை. குடில் சிற்றாலயத்திலேயே லொயோலா இஞ்ஞாசியார் 1538ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவில் தம் முதல் திருப்பலியை நிறைவேற்றினார். பவுலின் சிற்றாலயத்தின் குவிமாடத்தில் சிகோலி 1612இல் முடித்த சுவரோவியத்தில், அன்னையின் காலடியில் உள்ள நிலவு, நண்பர் கலிலேயோ தொலைநோக்கியில் கண்டு வெளியிட்டபடியே குழிகளும் வடுக்களும் உடையது. அதே சிற்றாலயத்தில் வணங்கப்படும் 'உரோமை மக்களின் நலம்' என்னும் பழைய மரியன்னைத் திருவோவியத்தைப் படியெடுக்க 1569இல் இசைவு பெற்ற இயேசு சபையினர், அப்படிகளைப் பிரேசில் முதல் சீனம் வரை கொண்டுசென்றனர். 1580இல் ஃபத்தேபூர் சிக்ரியில் அக்பர் கண்டதும் அவற்றுள் ஒன்றே.

மொசைக் மரபின் பிற்கால வரலாறு வெற்றியும் இழப்பும் கலந்தது. புனித பேதுரு பேராலயத்தின் ஈரக்காற்றில் எண்ணெய் ஓவியங்கள் சிதைந்ததால், அவற்றை மொசைக்கில் படியெடுக்க 1727இல் வத்திக்கான் மொசைக் கலைக்கூடம் முறையாக நிறுவப்பட்டது. பளபளப்பற்ற கண்ணாடியைப் பல்லாயிரம் நிறச்சாயல்களில் உருக்கவும், சில்லுகளின் இடைவெளியே தெரியாதவாறு பதித்துத் தேய்க்கவும் அங்குள்ளோர் கற்றனர்; 1767இல் முடிந்த ரஃபாயேலின் 'உருமாற்றம்' படி, அருகில் சென்றாலன்றி ஓவியமென்றே எண்ணத்தக்கது. இந்தத் திறமையை வியக்காமல் இருக்க முடியாது. எனினும் சில்லு தன் முகத்தை மறைத்துத் தூரிகையாக நடிக்கும்போது, ஒளியை ஏற்றுத் திருப்பும் அதன் பிறவிக் குணத்தை இழக்கிறது. பேதுரு பேராலயத்தின் பீடப் படங்கள் நீடித்து நிற்கின்றன, ஆனால் மின்னுவதில்லை. அழியாமை மொசைக்கின் பல நற்குணங்களுள் ஒன்றேயன்றி அதன் நோக்கமே அன்று.

ஆகவே பேராலயத்தைக் காணச் செல்வோர் நடுக்கூடக் கட்டங்களுக்கென ஒரு சிறு தொலைநோக்கியை எடுத்துச் செல்வது பயன்தரும். அவை உயரத்தில் உள்ளவை, சிறியவை. மாறாக, மாடத்துக்குத் தொலைநோக்கி வேண்டா. வாயிலருகில் நின்று முழுமையாகப் பார்த்தபின், பீடத்தை நோக்கி மெதுவாக நடந்து, பொன் இடம்மாறுவதைக் கவனிக்க வேண்டும். மின்விளக்குகள் முழுவதும் எரியும் நேரத்தில் பொன்வெளி ஒரே மஞ்சளாகத் தட்டையாகிவிடுவதால், விளக்கு அணைந்த நேரத்திலும் காத்திருந்து பார்ப்பவரே இதன் உண்மையான நிறங்களை அறிவர். திருப்பலி நேரத்தில் சுற்றிப் பார்ப்பது தகாது. ஆனால் அமர்ந்து பங்கேற்பவருக்கு, மெல்கிசெதேக்கின் கூடை ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்பது எந்த நூலும் விளக்காத தெளிவோடு விளங்கும்.

பனிமய அன்னையின் பெயரோடு வளர்ந்தவர்கள் முதன்மையாகக் காண வேண்டிய சித்திரங்கள் இதுவரை சொன்னவற்றுள் இல்லை. அவை ஆலயத்துக்கு வெளியே உள்ளன. 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்ததன் தொடக்கத்திலுமாகப் பழைய முகப்பின்மேல் ஃபிலிப்போ ருசூத்தி தம் பெயர் பொறித்துச் செய்த மொசைக்கில், மேலே கிறிஸ்து அரியணையில் வீற்றிருக்க, கீழே பனி பெய்த வரலாறு நான்கு காட்சிகளாக விரிகிறது: திருத்தந்தை லிபேரியுசின் கனவு, செல்வர் யோவானின் கனவு, யோவான் திருத்தந்தையிடம் தம் கனவை உரைப்பது, வானிலிருந்து கிறிஸ்துவும் அன்னையும் பனி பொழிய, லிபேரியுஸ் அப்பனியின்மேல் ஆலயத்தின் எல்லையைக் கீறுவது. கட்டில்களும் மண்டபங்களும் ஆழம் காட்டி வரையப்பட்டிருப்பதால் இவை புதிய தலைமுறையின் பாணியைச் சேர்ந்தவை. பிற்காலப் பழுதுபார்ப்புகளால் பல இடங்களில் மூலத்தின் கைத்திறம் மறைந்தும் உள்ளது. 1741 முதல் 1743 வரை ஃபெர்தினாந்தோ ஃபூகா புதிய முகப்பை முன்னால் எழுப்பியபோது, இம்மொசைக்கை அழிக்காமல் தம் மேல்மாடத்துக்குப் பின்னால் நிற்கவிட்டார். அதனால் இன்று சதுக்கத்தில் நிற்பவருக்கு இவை வளைவுகளின் இடையே துண்டு துண்டாகவே தெரிகின்றன. முழுமையாகக் காண விரும்புவோர் வழிகாட்டியோடு மாடிப்படியேறி அம்மேல்மாடத்துக்குச் செல்ல வேண்டும். உரோமைப் பயணத்தைத் திட்டமிடும் தூத்துக்குடி மறைமாவட்டத்துக் குழுக்கள் இதற்கென ஒரு மணி நேரத்தை முன்கூட்டியே ஒதுக்கிக்கொள்வது நல்லது. தங்கள் திருவிழாவின் கதையை எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கலைஞர் எவ்வாறு சொன்னார் என்பதை அங்கே கையெட்டும் தொலைவில், சில்லு சில்லாகப் பார்க்கலாம்.